விமானிக்குப் பின்னால் நின்றவர்

அந்த விமானியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். சிலர் அவனை வீரன் என்பார்கள், சிலர் புளுகன் என்பார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அவனை நேரில் பார்த்ததில்லை. நானும் சினிமாத் துணியில்தான் பார்த்தேன். ஆனால் நான் பார்த்த அளவுக்கு அவனைப் பார்த்தவன் கோலாலம்பூரில் இருந்திருக்க மாட்டான். அவன் தொழில் பறப்பது. என் தொழில் அவனைப் பற்றிக் கத்துவது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தில் ஒரு கூடாரக் கொட்டகை இருந்தது. படம் பேச ஆரம்பிக்காத காலம். பகலில் நான் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றுவேன். பொழுது சாய்ந்ததும் கொட்டகைக்குப் போய், துணிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி, தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, படத்தில் நடப்பதையெல்லாம் தமிழில் சொல்லுவேன். ஒருத்தி அழுதால் ஏன் அழுகிறாள் என்று சொல்ல வேண்டும். குதிரை ஓடினால் எங்கே ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். எனக்குத் தொண்டை பெரிது. அந்த ஒரு தகுதிதான்.

நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். அதைப் படித்து அர்த்தம் சொல்வது முதலாளி. பென்ஷன் வாங்கிய யாழ்ப்பாணத்துக் கிளார்க். படப்பெட்டி வந்த அன்று காலையில், கூடாரத்துக்கு வெளியே நின்று, ஃபிலிமைச் சூரியனுக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து எழுத்தைப் படிப்பார். நான் கேட்டுக்கொண்டு மனதில் போட்டுக்கொள்வேன்.

பெட்டிமேல் நிற்பவனுக்குப் படம் நேராகத் தெரியாது. பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாக, சாய்ந்து நடப்பார்கள். ராஜாவும் அப்படித்தான், கழுதையும் அப்படித்தான். வேலை முடிந்து தூங்கினால் அதே மாதிரி ஆட்கள் கனவில் வருவார்கள். சத்தமே இருக்காது. விழித்தால் கூட்ஸ் வண்டி விசில். சில நாள் எது படம், எது தூக்கம் என்று எனக்கே தெரியாது.

என் அக்கா காப்பாரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அவள் புருஷன், என் மாமா, அதே தோட்டத்தில் வாய்க்கால் வெட்டுகிற ஆள். அந்த விமானி சீமையிலிருந்து கிளம்பி, ஊர் ஊராக இறங்கி, உலகத்தின் கடைசி வரை போகிறான் என்று பேப்பரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிள்ளானில் அவனுக்கு மாலை போடப் பெரிய மனிதர்கள் காத்திருந்தார்கள். படம் பிடிக்கிற வெள்ளைக்காரனும் காத்திருந்தான். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. கீழே எதுவும் தெரியாமல் அவன் கிள்ளானைத் தாண்டிப் போய், காப்பார் கடலோரத்தில் தண்ணீர் வடிந்திருந்த சேற்றில் இறக்கிவிட்டான். விமானத்தின் மூக்கு சேற்றில் செருகி நின்றது.

தோட்டத்துத் தொரை ஆள் அனுப்பினார். யாரை அனுப்புவார்? வாய்க்கால் ஆட்களைத்தான். கயிறு, பலகை, இடுப்பளவு சேறு. கடல் திரும்பி ஏறுவதற்குள் இழுத்தாக வேண்டும். இழுத்தார்கள். விமானி மேட்டில் குடைக்குக் கீழே நின்று சுருட்டுப் பிடித்தான். இதை மாமா சொல்லி அக்கா என்னிடம் சொன்னாள். மாமாவுக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. எனக்குத்தான்.

இழுத்து முடிக்கும்போது, கிள்ளானிலிருந்து காரில் விழுந்தடித்து வந்த படக்காரன் மூன்று கால் பெட்டியை நட்டுவைத்தான். எல்லாரையும் விமானத்துக்குப் பின்னால் நிற்கச் சொன்னான். கங்காணி அந்தக் காலத்திலேயே கிள்ளான் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டவர். விஷயம் தெரிந்தவர் என்று பேர். அவர் ஆட்களைப் பார்த்துக் கத்தினாராம்:

“டேய், போட்டா புடிக்கிறான்! ஒருத்தனும் ஆடக்கூடாது. கண்ணு சிமிட்டக்கூடாது, மூச்சு விடக்கூடாது. எவனாவது ஆடுனீங்க, அவன் மூஞ்சி மட்டும் பூதம் மாதிரி விழும்.”

நின்றார்கள். படக்காரன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே கையை வீசினானாம், குதித்தானாம், ஏதோ கத்தினானாம். ஆடு, அசை, இழு என்று சொல்லியிருக்கிறான். யாருக்குப் புரியும்? நாம் ஆடுகிறோம் போலிருக்கிறது, அதனால்தான் திட்டுகிறான் என்று இன்னும் விறைப்பாக நின்றார்கள். சேறு சொட்டச் சொட்ட நின்றார்கள். மாமா வீட்டுக்கு வந்து அக்காவிடம், “ஒரு மயிரு கூட ஆடலடி நான்” என்று பெருமையாகச் சொன்னாராம்.

அதற்குப் பிறகு மாமா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைப் பார்க்கும்போதெல்லாம், போட்டோ வந்ததா என்று கேட்பார். கிராணி சிரிப்பார். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த மழைக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். திரும்பி வரவில்லை.

மாமாவின் படம் வேறு எதுவும் கிடையாது. கல்யாணத்துக்கு யார் போட்டோ எடுத்தார்கள் எங்களுக்கு? அக்காவிடம் இருந்தது ஒரு வேட்டியும் ஒரு மண்வெட்டியும்தான்.

அந்த விமானியின் படம் முதல் தடவை எங்கள் கொட்டகைக்கு வந்தபோது அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த அவமானத்தை எப்படிச் சொல்வது? காப்பார் சேறு வந்தது. விமானம் வந்தது. விமானி முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, இறக்கையைத் தடவிக்கொண்டு, பல்லைக் காட்டினான். வேறு ஒருவரும் இல்லை. சுத்தமாக வெட்டி எறிந்துவிட்டார்கள். அப்புறம் எழுத்து வந்தது. மனிதர் வாசம் இல்லாத காட்டில், தன்னந்தனியாக, தன் இரண்டு கைகளால் விமானத்தை மீட்டான் அந்த மாவீரன்.

நான் அதைச் சொல்லவில்லை. குழாயை வாயில் வைத்து, “பொய்! இழுத்தது எங்க ஆளுங்க!” என்றேன். விசில் பறந்தது. முதலாளி முன் வரிசையில் எழுந்து நின்றுவிட்டார்.

“எழுத்தில இருக்கிறதைச் சொல்லும் காணும். உம்மட வீட்டுக் கதையை ஆர் கேட்டது?”

அக்கா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்ததும், “வேற படப்பெட்டியில இருக்குமோ?” என்று கேட்டாள். நான் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். அவள் ரயிலேறிப் போய்விட்டாள்.

பிறகு அந்த விமானிக்குக் கெட்ட காலம் வந்தது. கூட வந்த மெக்கானிக்கைக் காய்ச்சலோடு வழியில் விட்டுவிட்டு, தனியாகப் பறந்தேன் என்று பேர் வாங்கினான் என்றார்கள். பறக்காத தூரத்தைப் பறந்ததாகச் சொன்னான் என்றார்கள். வெள்ளைத் தோல் இல்லாதவன் தொட்டால் இஞ்சின் கெட்டுப்போகும் என்று எங்கோ மேடையில் பேசியிருக்கிறான். அதைப் பேப்பரில் படித்துவிட்டு முடிவெட்டுகிற கடையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒருவன், “என்னா பேசுனாலும் பறந்தானா இல்லியா?” என்றான். இன்னொருவன், “காக்காவும்தான் பறக்குது. அதுக்கு மால போடுவியா?” என்றான். பாதி முகச் சோப்போடு அடித்துக்கொண்டார்கள்.

ஒருவனைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தவர்களுக்கு, அவனைக் கீழே போட்டுப் படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு வருஷம் கழித்து இன்னொரு படப்பெட்டி வந்தது. வேறு கம்பெனி. அதே விமானி, அதே விமானம், அதே பல். முன்பு வீரனுடைய சிரிப்பு என்று சொன்ன அதே சிரிப்புக்கு இப்போது புரட்டனின் இளிப்பு என்று எழுத்துப் போட்டிருந்தார்கள். அவன் கார் கதவைத் திறந்தால் கூடக் குற்றம். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. தகரக் குழாய் பிடித்தவனுக்குத் தெரியும். துணியில் இருப்பவனைச் சாமி என்றால் கும்பிடுவார்கள், திருடன் என்றால் தூ என்பார்கள். அவன் மட்டும் அங்கே சும்மா கை ஆட்டிக்கொண்டிருப்பான்.

முதலாளி வெயிலில் ஃபிலிமைப் பிடித்துப் படித்துக்கொண்டே வந்தவர், சிரித்தார். முன்பு வெட்டி எறிந்த துண்டை இவர்கள் தேடி எடுத்து ஒட்டியிருந்தார்கள். அவன் தனியாக இழுக்கவில்லை என்று காட்ட. ஆனால் அதோடு விடவில்லை. அந்த இடத்து எழுத்தை முதலாளி படித்தார்: மகா விமானியைக் கண்டதும் காட்டு மனிதர்கள் கல்லாகச் சமைந்தார்கள்.

பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தேன். நகத்தளவு கட்டம் கட்டமாக ஓடியது. விமானி கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் நகர்ந்தான். காலைத் தூக்கினான், வைத்தான். பின்னால் வரிசையாக நின்ற ஆட்கள் எந்தக் கட்டத்திலும் மாறவில்லை. வெயில் அவர்கள் வழியாக என் கைமேல் விழுந்தது. சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மனிதர்கள் என் உள்ளங்கையில் நின்றார்கள். யார் யார் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அந்த இடம் வந்தபோது, சொல்வதை நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து குதித்து, துணிக்கு முன்னால் போய் நேராகப் பார்த்தேன். இடது பக்கம், இறக்கை நுனிக்குக் கீழே. மாமா.

“யோவ், மறைக்காதய்யா!”

“கத சொல்ற வாயி எங்க போச்சி? மண்ணு விழுந்துருச்சா?”

“நவுருலா!”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. என்னைப் பார்த்து இல்லை. துணியில் மரக்கட்டை மாதிரி நின்றவர்களைப் பார்த்து. எனக்கு ஒருவனையாவது அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அதற்குள் மாமா போய்விட்டார். துணியில் வேறு ஏதோ ஊர், வேறு ஏதோ கூட்டம்.

அந்த வாரம் முடிந்தால் பெட்டி ஈப்போவுக்குப் போய்விடும். கூட்ஸ் ஷெட்டில் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுக் கிள்ளான் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து மோட்டார் பஸ்ஸில் காப்பார் போனேன். அக்கா பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் நிமிரவில்லை.

“மொத தடவையும் இப்பிடித்தான் கூட்டிட்டுப் போன.”

“இப்ப நானே பாத்தேன்க்கா. கண்ணால பாத்தேன்.”

“அவருதானா? நல்லாத் தெரியுமா ஒனக்கு?”

“எனக்குத் தெரியாதா மாமாவ?”

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

“எனக்குத் தெரியலடா. முதுகு நல்லா ஞாபகம் இருக்கு. கழுத்துல ஒரு மடிப்பு விழும், அது இருக்கு. சத்தம் இருக்கு. மொகம் மட்டும் கரஞ்சிக்கிட்டே போகுது. காலையில மரத்துக்கு மரம் போறப்ப நெனச்சிப் பாப்பேன். நேத்து மூக்கு இருந்துச்சி, இன்னிக்கு மூக்கக் காணோம். இப்பிடிப் போனா, எதுத்தாப்புல வந்து நின்னாக்கூட யாருங்க நீங்கன்னு கேட்டுருவேன்.”

கிளம்பு என்றேன். கங்காணி ஒரு நாள் லீவு கொடுக்க மூஞ்சியைத் தூக்கினார். அவரும் அந்தப் படத்தில் நிற்கிறார், ஓரத்தில், வயிற்றை எக்கிக்கொண்டு, என்று சொன்னேன். “நல்லா விழுந்துருக்கேனா?” என்று கேட்டார். பூதம் மாதிரி விழவில்லை என்றேன். லீவு கிடைத்தது.

அந்தக் காட்சி எவ்வளவு நேரம் வரும்? மூட்டையைக் கீழே இறக்கித் திரும்பி நிமிர்கிற நேரம். கண் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போய்விடும். அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் படம் ஓட்டுகிறவரிடம் போனேன். பினாங்கில் பிறந்த தமிழ் முஸ்லிம். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கையால்தான் சுற்றி ஓட்டுவார்.

“நானா, சேத்துல நிக்கிற எடம் வரும்போது கொஞ்சம் மெதுவா சுத்துங்க.”

“மெதுவா சுத்துனா ஃபிலிமு பத்திக்கும்லா. கூடாரமும் போவும், நானும் போவேன். ஒங்க மொதலாளி என் சாம்பல்கிட்டயும் கணக்குக் கேப்பாரு.”

“நிறுத்தச் சொல்லல. மெதுவா.”

“எதுக்கு?”

“எங்கக்கா வந்துருக்கா. அவ புருசன் அதுல நிக்கிறாரு. காலமாயிட்டாரு.”

நானா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

“அந்தச் செல மாதிரி நிக்கிறாங்களே, அதுல ஒருத்தரா? தம்பி, வேகமா சுத்துனாலும் மெதுவா சுத்துனாலும் அவரு அப்பிடியேதானய்யா நிப்பாரு.”

“அதான் நானா வேணும்.”

அவர் என்னைப் பார்த்தார். “சரி, போயி குழாயப் புடி” என்றார்.

அக்காவைப் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். இடது பக்கம், இறக்கைக்குக் கீழே என்று சொன்னேன். அவள் இடது கையை மடியில் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டாள், பக்கம் மறந்துவிடக் கூடாது என்று.

அன்று நான் என்னென்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. விமானி விருந்து சாப்பிட்டான், கையெழுத்துப் போட்டான், வழியில் விட்டுவந்த மெக்கானிக்கின் தாயார் அழுதாள். வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு காப்பார் சேறு வந்தது.

நானாவின் கை தளர்ந்தது. துணியில் வெளிச்சம் கொஞ்சம் மங்கி, துடிக்க ஆரம்பித்தது. விமானி நடந்தான். நடக்கிறானா மிதக்கிறானா என்று சொல்ல முடியாதபடி நடந்தான். சேற்றிலிருந்து அவன் கால் வருவதற்கு ஒரு யுகம் ஆனது. காலில் ஒட்டிய சேறு விழ மனமில்லாமல் தொங்கி, தொங்கி, விழுந்தது. ஒரு நாரை இறக்கையை விரித்து விரித்தபடியே போனது. எல்லாம் கனத்துவிட்டது. ஆனால் பின்னால் நின்றவர்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. படம் வேகமாக ஓடினால் அவர்களை அது கடந்து போயிருக்கும். மெதுவாக ஓடியதால் அவர்கள் சும்மா நின்றார்கள், நாங்கள் பார்க்கட்டும் என்று.

சிரிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கல்லாகச் சமைந்தார்கள் என்ற எழுத்து வந்தது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான், “காப்பார் தோட்டத்து ஆளுங்க. விமானத்த இழுத்தவங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயைக் கீழே இறக்கினேன். எழுத்துக்குப் பிறகு மறுபடியும் அவர்களே வந்தார்கள்.

அப்போது கூடாரத்துக்குள் காற்று நுழைந்தது. துணி மெல்ல உப்பியது, தாழ்ந்தது, மறுபடி உப்பியது. சேற்றில் நின்றவர்கள் அத்தனை பேரின் நெஞ்சும் ஏறி இறங்கியது. பெட்டிமேல் நின்ற எனக்கே அது தெரிந்தது. சாய்ந்து, நெட்டையாக, என் மாமா மூச்சு விட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. அழுகை இல்லை. வீட்டில் பேசுகிற குரல்.

“ஆங், மூச்சு விடுங்க. நல்லா விடுங்க. அந்தக் கங்காணி கெடக்கான்.”

பக்கத்தில் இருந்த ஒரு கிழவி, “யாரும்மா அது?” என்றாள். அக்கா துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல், “எங்க வீட்டுக்காரரு” என்றாள். கிழவி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, யாரோ வீட்டுக்கு வந்தவர் மாதிரி துணியைப் பார்த்தாள். பிறகு நானாவின் கை வேகம் எடுத்தது. கடலும் சேறும் போய்விட்டன.

முதலாளி என்னிடம் வந்து, “இது என்ன புதுப் பழக்கம்? இன்னொரு முறை நடந்தால் வேற ஆளைப் பார்ப்பன்” என்றார். “பாருங்க” என்றேன். அவர் பார்க்கவில்லை. அவருக்கும் அவ்வளவு சத்தமாகக் கத்த வேறு ஆள் கிடைக்க மாட்டான்.

அக்கா இரவு என் அறையில் படுத்திருந்தாள். தூங்கினாளா தெரியாது. காலையில் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, இன்னும் இரண்டு நாள் படம் ஓடும், இருந்து பார்த்துவிட்டுப் போ, நானாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“போதும்டா. எத்தன நாளைக்கு நிப்பாரு, பாவம்.”

காபியை ஊதி ஊதிக் குடித்தாள். திடீரென்று சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

“காதுடா. ரெண்டு காதும் எப்பிடி வெடச்சிக்கிட்டு நிக்குது பாத்தியா? அத எப்பிடி மறந்தேன்? இத்தன நாளா ஒன் காத மாட்டி வெச்சிருந்தேன் அவருக்கு.”

“என் காதுக்கு என்ன கொற?”

“ஒரு கொறயும் இல்ல. அவருது இல்ல, அவ்வளவுதான்.”

ரயில் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, வெளியே எட்டிப் பார்த்தாள். வண்டி நகர்ந்தபோது இரண்டு கையாலும் தன் காதுகளைப் பிடித்து முன்னால் இழுத்து, இப்படி, இப்படி என்று எனக்குக் காட்டினாள். எதிர் சீட்டுக்காரர்கள் அவளையே பார்த்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. கிள்ளான் பக்கம் வண்டி வளைந்து திரும்புகிற வரைக்கும் காதை விடவில்லை.